எத்தனை அடி?

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் "சாப்பிட்டாச்சா" என்ற விசாரிப்புக்கு முன்னால் "அணை எத்தனை அடி?" என்ற கேள்விதான் வரும். டீக்கடையில் பேப்பரை விரித்தவுடன் கண் தேடுவது அந்தச் சின்னக் கட்டத்தைத்தான்: நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு, இருப்பு. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளைகளுக்கு 104, 136, 142, 152 என்ற எண்களை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறாது. 136 என்பது 1979-க்குப் பிறகு பல ஆண்டுகள் நீரை நிறுத்திவைத்த கோடு. 142 என்பது உச்ச நீதிமன்றத்தில் கிடைத்தது. 152 என்பது முல்லைப் பெரியாறு அணையின் முழு உயரக் கணக்கு.

2014 நவம்பரில் 35 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக அணை 142 அடியைத் தொட்டது. ஊரெல்லாம் வெடி. லட்டு கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு ஊர்ப் பண்டிகையில் எதுவும் வந்து சேராது, அன்றைக்கு லட்டு மட்டும் காலனி வரைக்கும் வந்தது. நாங்களும் தின்றோம். எங்களுக்கும் சந்தோஷம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் வண்டிப்பெரியாறிலிருந்து அத்தை போன் செய்தார். "எத்தனை அடிப்பா?" என்று கேட்டார். நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு "நூத்தி நாப்பத்திரெண்டு அத்தே!" என்று கத்தினோம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப இன்னைக்கும் தூங்க முடியாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தோழர்களே, இந்த அணையைப் பற்றி எழுதும்போது நாங்கள் எந்த மாநிலத்தின் பக்கம் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த போன் வந்த வீட்டிலும் நாங்கள் இருந்தோம், அதைப் பேசிய லயத்திலும் எங்கள் ரத்தம்தான் இருந்தது. அதனால் இரண்டு பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்க்கிறோம்.

முதலில் கீழே உள்ள கணக்கு. எங்கள் தாத்தா நீர்பாய்ச்சி. வாய்க்காலில் தண்ணீர் வந்தவுடன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். யார் வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த மடையைத் திறக்க வேண்டும், எதை அடைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ராத்திரி முழுக்கப் பாம்போடும் பனியோடும் நின்று ஊரார் வயலுக்குத் தண்ணீர் கட்டுவார். கூலி அறுவடையின்போது களத்தில் நெல்லாகக் கிடைக்கும். தாத்தா தொட்டுத் திருப்பிய தண்ணீர் பயிருக்கு ஆகும், அவர் கை பட்ட செம்பு ஆகாது. அவருக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. பென்னிகுவிக் பெயரைக் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொல்வார். பாலார்பட்டியில் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைப்பதையும், பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுவதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் தாத்தாவுக்கும் அந்த மரியாதை இருந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் கூலியும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அணை கட்டத் தொடங்கியது 1887-ல், முடிந்தது 1895-ல். அதற்கு முந்திய ஆண்டு, 1886 அக்டோபர் 29 அன்று, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் வெள்ளை அரசுக்கும் குத்தகை எழுதப்பட்டது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகளுக்கு. மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பியது அந்தக் காலத்தில் பெரிய சாதனைதான். காட்டுக்குள் காலராவிலும் காய்ச்சலிலும் வேலையாட்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அங்கே பணியாற்றிய பொறியாளர் மெக்கன்சி 1899-ல் இந்தத் திட்டத்தின் வரலாற்றை ஒரு புத்தகமாகவே எழுதினார். கல் சுமந்தவர்களுக்கு அப்படி எழுதி வைக்க யாரும் இல்லை. லோயர் கேம்ப்பில் இன்று மணிமண்டபம் இருக்கிறது, அதில் இருப்பது ஒருவருடைய சிலை.

இதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றை மாணவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். மலையில் கல்லும் சுண்ணாம்பும் ஏறிக்கொண்டிருந்தபோது, 1891-ல், செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அதாவது சென்னை மாகாண அரசு ஒரு கையால் வறண்ட பூமிக்குத் தண்ணீர் கொண்டுவந்தது, இன்னொரு கையால் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் கொடுப்பதாக எழுதியது. தண்ணீர் வந்து சேர்ந்தது. நிலம் எங்கே போனது என்பதற்குப் பஞ்சமி நில மீட்புப் போராட்டங்கள் இன்றும் தாசில்தார் அலுவலக வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் என்று ஒவ்வொரு ஜூனிலும் செய்தி போடுவார்கள். அந்த ஏக்கரில் சேரிக்கு எத்தனை என்று எந்தச் செய்தியிலும் நாங்கள் பார்த்ததில்லை.

அடுத்தது மின்சாரம். ஆரம்பத்தில் இது பாசனத்துக்கு மட்டுமான அணை. சுதந்திரத்துக்குப் பிறகு, சுரங்கத்திலிருந்து வெளியே வரும் தண்ணீர் மலையிலிருந்து சும்மா விழுவானேன் என்று லோயர் கேம்ப்பில் மின்நிலையம் கட்டினார்கள். 35 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், மொத்தம் 140 மெகாவாட். பிறகு இயந்திரங்களை மாற்றித் திறனைக் கூட்டியிருக்கிறார்கள். மலைச்சரிவில் இறங்கும் அந்த நான்கு பெரிய குழாய்களைக் குமுளி ரோட்டில் போகிற எவரும் பார்க்கலாம். புகை கிடையாது, நிலக்கரி கிடையாது. மின்சாரம் எடுத்த பிறகும் அதே தண்ணீர் வயலுக்குப் போகிறது, மதுரைக்குக் குடிக்கவும் போகிறது. இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை என்று பொறியியல் படித்த எங்கள் தம்பி சொல்வான். அவன் சொல்வது சரிதான். 1970-ல் பழைய குத்தகையைப் புதுப்பித்தபோது இந்த மின்சாரத்துக்கும் கணக்குப் போட்டார்கள். நில வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. மின்சாரத்துக்குத் தனியாக, ஆண்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 12 ரூபாய் என்ற விகிதத்தில் தமிழ்நாடு கேரளத்துக்குக் கட்ட வேண்டும். மீன் பிடிக்கும் உரிமை கேரளத்துக்குப் போனது. ஆக ஒவ்வொரு அடித் தண்ணீருக்கும் இரண்டு அரசுகளிடமும் கணக்கு இருக்கிறது. அந்த மின்நிலையத்தின் கம்பிகள் தலைக்கு மேலே போகிற எங்கள் தெருவில், ஊருக்கு லைட் வந்து வெகுகாலம் கழித்துத்தான் லைட் வந்தது. எங்கள் அம்மா சிம்னி விளக்கில்தான் எங்களுக்குப் பால் கொடுத்திருக்கிறார்.

இனி மலைக்கு ஏறுவோம். அத்தையைக் கட்டிக்கொடுத்தது வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். மாமாவின் தாத்தா காலத்திலேயே கங்காணி கூட்டிக்கொண்டு போன குடும்பம். பீர்மேடு, வண்டிப்பெரியாறு, மூணாறு தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பகுதி தமிழர்கள், அந்தத் தமிழர்களில் பெரும்பகுதி நம் மக்கள். கீழே நிலம் இருந்திருந்தால் மேலே போயிருக்க மாட்டார்கள். அங்கேயும் நிலம் கிடைக்கவில்லை. கேரளத்தின் நிலச் சீர்திருத்தத்தைப் பற்றி இடதுசாரித் தோழர்கள் பெருமையாகச் சொல்வார்கள், குத்தகை விவசாயிகளைப் பொறுத்தவரை அது பெருமைப்படத்தக்கதுதான். ஆனால் தோட்டங்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு கொடுத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை உழைத்தவருக்கு ஒரு சென்ட்கூடச் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை லயம், ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். 2000-க்குப் பிறகு பீர்மேடு பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. லயங்கள் இடிந்துகொண்டிருக்கின்றன.

அப்படி லயத்தை விட்டு வெளியேறியவர்கள் எங்கே போவார்கள்? ஆற்றோரப் புறம்போக்குக்கு. அணைக்குக் கீழே பெரியாறு ஆண்டில் பாதிக்கு மேல் வறண்டு கிடக்கும், தண்ணீரைத்தான் நாம் கிழக்கே திருப்பிவிட்டோமே. கல்லும் மணலும் தெரிகிற ஆற்றின் ஓரத்தில் ஒருவர் குடிசை போடுவார், பக்கத்தில் இன்னொருவர். பத்து வருஷத்தில் தெருவாகிவிடும். அப்புறம் ஒரு நாள் அணை நிரம்பி ஷட்டரைத் திறப்பார்கள். வறண்ட ஆறு திரும்பி வரும். 2021 டிசம்பரில் இரவு நேரத்தில் ஷட்டர்கள் திறக்கப்பட்டு வண்டிப்பெரியாறில் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, முன்னறிவிப்பு இல்லை என்று கேரளம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அணை உடைவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உடையாத அணையே என்ன செய்யும் என்பதை அந்த வீடுகள் ஏற்கெனவே பார்த்துவிட்டன.

உடையுமா, உடையாதா? நாங்கள் பொறியாளர்கள் இல்லை. நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். இது கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய கனத்தில் நிற்கிற அணை. சுர்க்கி என்பது சுட்ட செங்கல் பொடி. நூறு ஆண்டுகளுக்கு மேல் தண்ணீர் ஊடுருவினால் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும் என்பது கேரளத்தின் அச்சம். 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது. அந்தப் பீதியும் சேர்ந்துதான் அதே ஆண்டு இங்கே நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி போட்டது. மேலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு எஃகு வடங்களால் இழுத்துக் கட்டியது. பின்பக்கம் கான்கிரீட் சுவரை முட்டுக் கொடுத்தது. 2006-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. உடனே கேரளம் 136-தான் என்று சட்டம் போட்டது. நீதிபதி ஆனந்த் குழு ஆராய்ந்து 2012-ல் அறிக்கை கொடுத்தது. அணை பாதுகாப்பாக இருக்கிறது என்ற முடிவோடு 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் கேரளத்தின் சட்டத்தை ரத்து செய்தது.

அந்தத் தீர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் வருவதை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். அந்த வழக்கில் எங்கள் மனதை அறுத்த ஒரு வாதம் உண்டு. ஒருவேளை அணை உடைந்தாலும் அந்தத் தண்ணீரைக் கீழே உள்ள இடுக்கி நீர்த்தேக்கம் தாங்கிக்கொள்ளும் என்பது தமிழ்நாட்டுத் தரப்பின் நிலை. தாங்காது, இடுக்கியும் போனால் லட்சக்கணக்கானோர் சாவார்கள் என்பது கேரளத் தரப்பு. ஒருவர் கணக்கு இடுக்கியில் தொடங்குகிறது, இன்னொருவர் கணக்கும் இடுக்கிக்குப் பிறகுதான் பெரிதாகிறது. வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புதறை எல்லாம் முல்லைப் பெரியாறுக்கும் இடுக்கிக்கும் நடுவில் இருக்கின்றன. அத்தை இருப்பது அந்த நடுவில்.

2011-ஐ மறக்க முடியாது. இடுக்கியில் அடுத்தடுத்துச் சின்னச் சின்ன நில அதிர்வுகள். நவம்பரில் 'டேம் 999' படம் வந்தது, தமிழ்நாட்டில் தடை விழுந்தது. டிசம்பரில் எல்லை பற்றிக்கொண்டது. இங்கிருந்து ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கிப் போனார்கள். அங்கே தமிழர்களை விரட்டினார்கள். அன்றைக்கு முதலில் நின்றுபோனது விடியற்காலையில் எங்கள் பெண்களை ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும் கூலி ஜீப். தினம் நான்கு மணிக்கு எழுந்து சோறு கட்டிக்கொண்டு, ஒரு ஜீப்பில் பதினைந்து பேர் இருபது பேர் என்று அடைந்து மலையேறுகிறவர்கள். மேலே மாட்டிக்கொண்டவர்களில் பலர் ரோட்டில் வர பயந்து காட்டு வழியாக நடந்து இறங்கினார்கள். எங்கள் சித்தியும் இறங்கினார். கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம். கீழே வந்தவரை மேடை போட்டிருந்த தலைவர்கள் 'தமிழச்சி' என்று வரவேற்றார்கள். அதே ஊரில் அந்தத் தமிழச்சி எந்தத் தெரு வழியாகச் செருப்போடு நடக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றரை மாதம் கூலி இல்லை. இழப்பீடு என்று ஒரு ரூபாய் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

அணைக்கு நேரடித் தொடர்பில்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் செத்தார்கள். எல்லோரும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள். மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் என்று கேரள அரசு அறிவித்தது. மழையில் லைன் அறுந்து, நிலச்சரிவு நடந்த செய்தி வெளியுலகத்துக்குத் தெரியவே விடிந்துவிட்டது. 130 ஆண்டு வயதான அணைக்குக் கீழே இருக்கும் லயத்துக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டால், பெட்டிமுடியைத்தான் நாங்கள் பதிலாகப் பார்க்கிறோம்.

அப்படியென்றால் புது அணையா? கேரளம் அதைக் கேட்கிறது. பழையதை இடித்துப் புதியது கட்டினால் 999 வருட உரிமை என்ன ஆகும், தண்ணீர் யார் கையில் இருக்கும் என்ற தமிழ்நாட்டின் பயம் பொய்ப் பயம் கிடையாது. தண்ணீர் நின்றால் ஆயக்கட்டுக்காரருக்கு வருமானம் குறையும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் அணையை உடை என்ற கோஷத்தை எங்களால் போட முடியாது. ஆனால் ஆனந்த் குழு இன்னொரு வழியும் சொன்னது. 50 அடி மட்டத்தில் புதிதாக ஒரு சுரங்கம் குடைவது. இப்போது 104 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் சுவரை அழுத்திக்கொண்டு நிற்கிறது. கீழ்மட்டச் சுரங்கம் இருந்தால் அதையும் பாசனத்துக்கு எடுக்கலாம், ஆபத்து என்றால் அணையைச் சீக்கிரம் வடிக்கவும் செய்யலாம். தண்ணீர் இங்கேயும் வரும், பாரம் அங்கேயும் குறையும். இது இரண்டு பக்கத்து மேடையிலும் கைதட்டல் வாங்கித் தராது. அதனால்தானோ என்னவோ பேச்சே இல்லை.

சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், ஐந்து ஆண்டுகளுக்குள் சுதந்திரமான நிபுணர் குழுவை வைத்து முழு ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. எந்த ஊர் எவ்வளவு நேரத்தில் மூழ்கும், யாருக்கு யார் சொல்வது, எந்த வழியில் ஓடுவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தகவல் உரிமை மனு எழுதத் தெரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர். இரண்டு மாநிலத்திலும் கேளுங்கள். திட்டம் எந்த மொழியில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

போன மழைக்காலத்தில் எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனோம். லயத்தில் ஒவ்வொரு வாசலாக ஏறி ஒரே கேள்வியைக் கேட்டோம்: சைரன் அடித்தால் எங்கே ஓடுவீர்கள்? பள்ளிக்கூடம் என்றார் ஒருவர். பள்ளிக்கூடம் ஆற்றைப் பார்த்து இருக்கிறது. சர்ச் என்றார் இன்னொருவர். மேட்டில் இருக்கும் தோட்டத்து பங்களாவைக் காட்டி, "கேட்டைத் திறந்தா அங்க ஓடலாம், நம்மள உள்ள விடுவாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார் ஒரு பாட்டி. ஒரு முறை அதிகாரிகள் வந்து மைக்கில் அறிவித்தார்களாம். மலையாளத்தில். பாட்டிக்கு அது பாதிதான் புரிந்தது.

அத்தை வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. 2018 வெள்ளத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், மாமாவின் பி.எஃப். சீட்டு, பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கு அலைந்த மனுக்களின் நகல். கேரளத்தில் இந்தத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சான்றிதழ் வாங்குவது ஒரு தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறோம். வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி பையை எட்டிப் பார்த்துவிட்டு, "நகை எதுவும் இல்லையா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"இது போனாத்தான் திரும்ப வாங்க முடியாது" என்றார் அத்தை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. குமுளி தாண்டி இறங்கினால் லோயர் கேம்ப்பின் விளக்குகள் தெரியும், இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்கும். பஸ்ஸில் பிள்ளைகள் யாரும் பேசவில்லை. கம்பம் ஸ்டாண்டில் இறங்கியதும் டீக்கடைக்காரர், மலையிலிருந்துதானே வருகிறீர்கள் என்று பார்த்து, வழக்கம்போலக் கேட்டார்:

"எத்தனை அடி?"